ஒரு பக்கத்துக்கு முப்பது ரூபாய்

பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ஹை, அச்சுக்கு வரும் எல்லாவற்றையும் படித்துவிடுவார். படிப்பதோடு நிறுத்தியிருந்தால், வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கும் லத்தீபா பிரிண்டர் வாங்கியிருக்க மாட்டாள். சென்னைப் பள்ளி ஒன்றுக்கு அவள் எழுதிய வேலை விண்ணப்பத்தை அவர் அச்செடுத்துக் கொடுத்த அன்று மாலையே, மீன் விற்கும் செசிலியா கேட்டாள்.

"இன்னா டீச்சர், மெட்ராஸ் போறீங்களாமே?"

வேலை கிடைக்கவில்லை. ஆனால் நான்கு பிள்ளைகள் டியூஷனிலிருந்து நின்றுவிட்டார்கள்.

அந்த மாதமே நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வந்தது. கடையில் பக்கத்துக்கு மூன்று ரூபாய், வீட்டில் ஐம்பது காசுதான் என்று விற்றவர் சொன்னதைக் கணவன் சாதிக்கிடம் சொன்னாள். சாதிக் தலையாட்டினான்.

கூடவே வந்த மை பாதிதான் நிரப்பியது என்பது மூன்றாம் வாரம் தெரிந்தது. ஏரிக்காற்றில் நாலு நாள் சும்மா இருந்தால் மை காய்ந்து எழுத்துக்கு நடுவே வெள்ளைக்கோடு விழும். சுத்தம் செய்ய ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பிரிண்டர் பத்து நிமிடம் முனகும். சுத்தம் செய்வதும் மையைக் கொண்டுதான். கலர் மை தீர்ந்தால் கறுப்பு எழுத்தும் வராது. ஏன் என்று போன் போட்டுக் கேட்டாள். எதிர்முனைப் பெண் மிகவும் மரியாதையாக, அது அப்படித்தான் மேடம் என்றாள். மை வாங்கப் பொன்னேரிக்குப் பஸ் ஏற வேண்டும்.

பதினோராவது மாதம் லத்தீபா கணக்குப் போட்டாள். கணக்கு டீச்சர் என்பதால் பஸ் டிக்கெட்டைக்கூட விடவில்லை. எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்து இருநூறு. உருப்படியாக வெளியே வந்த பக்கங்கள் முந்நூற்று நாற்பது. வகுத்தாள். மீதியில்லாமல் முப்பது வந்தது. மீதியில்லாமல் வந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாதிக் நோட்டைப் பார்த்தான். "மூணு ரூபா பேப்பருக்கு. மீதி இருபத்தேழு கடைக்காரரு வாய்க்கு பயந்தா?"

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவளும் யோசித்துவிட்டு ஆமாம் என்றாள்.

அதன்பின் பிள்ளைகளின் கேள்வித்தாள் கடைக்கும், மற்றது வீட்டுக்கும் என்று பிரித்துக்கொண்டாள். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று அப்துல் ஹை கேட்கவில்லை. மூன்றாவது கணக்கு தப்பு என்று மட்டும் சொன்னார். எட்டு என்பதை அவர் மூன்று என்று படித்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் ஸ்கூட்டரில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். போனை நீட்டி, அதிலிருந்து ஒரு பேப்பர் எடுத்துத் தரச் சொன்னார்.

"ஆனா நீ படிக்கக்கூடாதும்மா."

பதினோரு மாதமாகச் சேர்த்துவைத்த பதில்கள் லத்தீபாவின் தொண்டை வரை வந்தன. அவள் பிரிண்டர் சுவிட்சைப் போட்டாள். கடையில் மகள் ஷஹானா இருக்கிறாள், பார்த்தால் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று அவரே காரணம் சொன்னார்.

சுத்தம் செய்யும் பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் முனகிய பத்து நிமிடமும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேப்பர் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று இருந்தது.

"படிச்சிட்டேன் மாமு. கோடு வுழுந்திருக்கான்னு பாக்கணும்ல."

"நானும் அதுக்குத்தான் பாக்கறது."

"பாக்கறது வேற. டீச்சர் மெட்ராஸ் போறாங்கன்னு ஊருக்கு சொல்றது வேற."

அவர் பேப்பரை வாங்கிக்கொண்டார். "அது தப்புதான்" என்றார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கண்ணோடு நீங்கள் வண்டி ஓட்டிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள் லத்தீபா. அவர் பேப்பரை மடித்து ஜிப்பாவில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வண்டியை எடுக்கவில்லை. சுவரோரமாகக் கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

சாயங்காலம் ஷஹானா வண்டியைத் தேடிக்கொண்டு வந்தாள். அத்தா ஏன் இதை இங்கே விட்டுவிட்டு நடந்து வந்தார் என்று கேட்டாள். அவரிடமே கேள் என்று லத்தீபா சொன்னாள். ஷஹானா கேட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் வண்டி ஓட்டிப் போனாள்.