பேஸ் கிதாரின் செத்த இடம்

பேஸ்காரனின் கிதாரில் மெல்லிய கம்பியை, கழுத்தில் ஃபிரெட் எனப்படும் குறுக்குப் பட்டைகளில் ஐந்தாவதில் அழுத்தி மீட்டினால், சத்தம் அவன் இருக்கும் இடத்தில் கேட்காது. சில பஸ் நிறுத்தங்கள் தள்ளி, அவனுடைய அண்ணன் வீட்டில், இறந்துபோன அண்ணன் மகனின் அறையில் கேட்கும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில், தாழ்ந்த, உருண்டையான ஒரே ஒரு ஸ்வரம். மேஜைமேல் தண்ணீர் வைத்திருந்தால் அதில் வளையம் விழும். கீழ் வீட்டில் குடியிருந்த தையல்காரம்மா, மேலே ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துப் புகார் சொல்ல ஏறி வந்தார். மோட்டார் இல்லை என்று பார்த்த பிறகு, சாயங்காலம் மட்டும்தான் வருகிறது, திங்கட்கிழமை வருவதில்லை என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலையை மாற்றி வைத்துக்கொண்டார்.

பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் செத்த இடம் என்றால் என்னவென்று தெரியும். எவ்வளவு நல்ல கிதாராக இருந்தாலும் அதன் கழுத்தில் எங்கோ ஓரிடத்தில் மரம் கம்பியின் அதிர்வை விழுங்கிவிடும். மற்ற ஸ்வரங்கள் நின்று பேச, அது மட்டும் தும்மல் அடங்கினாற்போல் அடங்கிவிடும். குடும்பத்தில் இருக்கும் குடிகாரரைப் பற்றிப் பேசாததுபோல அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அதே ஸ்வரத்தை அடுத்த கம்பியில் பத்தாவது ஃபிரெட்டில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போவார்கள். பேஸ்காரனும் வருஷக்கணக்காக அப்படித்தான் சுற்றிப் போனான். விபத்துக்கு முன்னால் அந்த இடம் விழுங்கிய சத்தம் எங்கும் போகவில்லை. போயிருந்தாலும் யாரும் கவனிக்கவில்லை.

விபத்தில் வேனை ஓட்டியவன் பேஸ்காரன். வெளியூர்க் கச்சேரி முடிந்து திரும்பும்போது விடியற்காலையில் ஒரு கணம் கண் அசந்தான். பின்சீட்டில், டிரம்முக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் மகன் எழுந்திருக்கவில்லை. கிதாருக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரி நடைபாதையில், "இனிமே நீ என் கண்ணுல படக்கூடாது" என்று மட்டும் சொன்னார். சொன்ன சொல்லை இருவருமே காப்பாற்றினார்கள். அண்ணி மட்டும் எப்போதாவது, கணவர் வேலைக்குப் போன நேரத்தில், போனில் கூப்பிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு பிற்பகலில்தான் விஷயம் தெரிந்தது. பேஸ்காரன் போனை மேஜைமேல் வைத்துப் பேசிக்கொண்டே சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தான். கவனமில்லாமல் விரல் ஐந்தாவது ஃபிரெட்டில் பட்டது. கிதார் ஊமையாக இருந்தது. ஸ்வரம் போனிலிருந்து வந்தது. மறுபடி மீட்டினான், மறுபடி வந்தது. அண்ணி போனோடு மகனின் அறை வாசலுக்குப் போய் நின்றாள். பிறகு, இந்தச் சத்தம் எப்போதாவது ஒன்றிரண்டு தடவை கேட்டிருப்பதாகவும், அது வரும் என்று அண்ணன் தினமும் சாயங்காலம் அந்த அறையில் போய் உட்கார்ந்துவிடுவதாகவும் சொன்னாள். "பையன்தான் வர்றான்னு நெனச்சுட்டிருக்கார் போல. சத்தம் கேட்ட அன்னைக்குத்தான் ரெண்டு வாய் சேத்துச் சாப்பிடுறார். நீங்கன்னு தெரிஞ்சா அதுவும் போயிடும், தம்பி. யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஆனா விட்டுடாதீங்க."

அன்றிலிருந்து பேஸ்காரன் சுற்றிப் போவதை நிறுத்தினான். திங்கட்கிழமை தவிர தினமும் சாயங்காலம் ஹோட்டல் ஹாலில், மற்றவர்கள் சாப்பிடும்போது வாசிக்கும் குழு அவனுடையது. எந்தப் பாட்டில் அந்த ஸ்வரம் வந்தாலும் தெரிந்தே செத்த இடத்தில் கை வைத்தான். ஹாலில் கேட்ட பாட்டுகளில் அந்த இடங்களிலெல்லாம் குழி விழுந்தது. கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவர் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். "யோவ், உன் பேஸுக்கு முன்பல்லு விழுந்துடுச்சா? பேசப் பேசக் காத்துதான் வருது" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். டிரம்மர் சிரித்தான். கடைசியில், கிதாரைச் சரி செய், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று தலைவர் சொல்லிவிட்டார். இந்தக் குழு போனால் தினமும் வாசிக்க அவனுக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் தனியாக மீட்டினாலும் ஸ்வரம் போய்ச் சேரும்தான், ஆனால் சுருதி சேர்ப்பதோடு சரி, தனியாக இருக்கும்போது அந்தக் கிதாரை வாசிக்க அவனுக்குக் கை வரவில்லை. வாசிக்கத் தொடங்கினாலே வேனின் பின்சீட்டு ஞாபகம் வந்தது.

கிதார் பழுது பார்க்கிறவரைச் சாவிக்காரர் என்று கூப்பிடுவார்கள். கழுத்துக்கம்பியைத் திருகும் சின்னச் சாவியைக் கயிற்றில் கோத்து எப்போதும் மாட்டியிருப்பார். கம்பி மட்டும் மாற்றினால் போதும், வேறெதிலும் கை வைக்க வேண்டாம் என்று பேஸ்காரன் சொல்லிவிட்டு வந்தான். ஆனால் ஒரு குறையைக் கண்டுவிட்டால் சாவிக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பழைய மங்கிய கம்பிகளை நான்கையும் ஒரே மூச்சில் கழற்றினார். இழுவை போனதும் கழுத்து பின்பக்கமாக லேசாக வளைந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருகி நிமிர்த்தினார். புதுக் கம்பி மாட்டி, அவற்றின் உயரத்தைக் காகிதம் நுழையும் அளவுக்கு இறக்கினார். பிறகு செத்த இடத்தைத் தட்டிக் கேட்டு, கிதாரின் தலைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் துண்டைக் கவ்வவிட்டார். தலையில் பாரம் ஏறினால் செத்த இடம் நகர்ந்து, இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவில், யாருக்கும் வேண்டாத சந்தில் போய் ஒளிந்துகொள்ளும். தொழில் தெரிந்தவர்கள் செய்கிற வேலைதான்.

அன்று சாயங்காலம் ஐந்தாவது ஃபிரெட்டில் விரல் வைத்தபோது ஸ்வரம் ஹாலில் எழுந்தது. முழுசாக, ஓரம் கூர்மையாக, மேஜைக்கடியில் ஓடிக் காலில் ஏறியது. தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இங்கே கேட்கிறது என்றால் அங்கே கேட்கவில்லை என்று பேஸ்காரனுக்கு அப்போதே தெரியும். நாளைக்குப் பித்தளையைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான். அந்த வாரம் முழுவதும் வாசித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சந்தோஷமாக இருந்த வாரம் அது ஒன்றுதான்.

வாரக் கடைசியில் அண்ணி கூப்பிட்டாள். அண்ணன் சாப்பாட்டைத் தொடவில்லை. வேலைக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்தபடி, இன்றைக்குத் திங்கட்கிழமையா என்று தினமும் கேட்கிறார். "ஆள் பாதியாயிட்டார் தம்பி" என்றாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேஸ்காரன் பித்தளையைக் கழற்றினான். செத்த இடம் திரும்பி வந்தது, ஆனால் ஆறாவது ஃபிரெட்டுக்கு. அதன் சத்தம் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கேட்டது. ஏற்கனவே பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கழுத்துக்கம்பியைத் தளர்த்தினான்; மூடிக் கிடந்த நீச்சல்குளத்தின் அடியில் கேட்பதாகக் காவலாளி சொன்னார். நான்கு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிப் பார்த்தான். டிக்கெட் கவுண்டர் ஒன்றில் சில்லறை தானாக நகர்ந்தது. பழைய கம்பிகளைத் தேடிச் சாவிக்காரரிடம் ஓடினான். அவை குப்பையோடு போய்விட்டிருந்தன. சாவிக்காரர் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நெடுக்காகப் பார்த்தார். "மரம் ஒருதரம் அசைஞ்சு உக்காந்துட்டா பழைய எடத்துக்கு வராதுப்பா. நான்தான் அசைச்சுட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு பேஸ்காரனுக்குத் திட்ட மனம் வரவில்லை.

மழைக்காலம் வந்து மரம் ஈரம் குடித்த பிறகு செத்த இடம் ஏழாவது ஃபிரெட்டில் நிலைத்தது. அதன் சத்தம் ஓர் அச்சகத்துக்கு மேலே, காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் கேட்டது. கட்டுகள் மெல்ல மெல்லச் சரிகின்றன என்று அச்சகக்காரர் அலுத்துக்கொண்டது காதுக்கு எட்டி, அண்ணி தானே நேரில் போய் அந்த அறையில் நின்று கேட்டாள். ஸ்வரம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. மற்றபடி அதேதான், முழங்கால் உயரத்தில்தான். வீட்டுக்கு வந்து கணவரிடம், "அவன் ரூம் மாத்திட்டான்" என்றாள். அவர் எந்த ரூம் என்று மட்டும் கேட்டார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் அச்சகத்தின் மேலே குடிபோனார்கள். தண்ணீர் கீழிருந்து தூக்க வேண்டும். மை வாடை துணியில் ஏறும். பகல் முழுக்க இயந்திரம் தரையை உலுக்கும். அண்ணன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். லிஃப்ட் வேலைக்கும் போனார்.

ஒருநாள் அண்ணி ஹோட்டலுக்கே வந்தாள். வாசிப்பு தொடங்கும் முன், சமையலறைக் கதவருகே நின்று பேசினாள்.

"உங்க அண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னார். நீங்க அவசரப்பட்டுக் கைய எடுத்துடுறீங்களாம். கடைசிப் பாட்டுலயாவது கொஞ்சம் நீட்டி வாசிக்கச் சொன்னார்."

பேஸ்காரன் கேட்டான், "நான்னு எப்பத் தெரிஞ்சுது அவருக்கு?"

"மொதல் நாள்லேர்ந்தே தெரியுமாம். அவன் கைய எனக்குத் தெரியாதான்னு கேக்குறார்."

"என்னப் பாக்கணும்னு ஏதாவது சொன்னாரா, அண்ணி?"

"இல்ல தம்பி" என்றாள் அண்ணி. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினாள்.

பேஸ்காரன் குழுத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தக் குழுவின் கடைசிப் பாட்டில் ஓரிடத்தில் எல்லோரும் நிறுத்துவார்கள். குழுத் தலைவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். டிரம்மர் குச்சிகளை அக்குளில் இடுக்கிக்கொள்வான். பேஸ்காரன் ஏழாவது ஃபிரெட்டை அழுத்தி ஒருமுறை மீட்டி, விரலை எடுக்காமல் குனிந்து நிற்பான். ஹாலில் ஒன்றும் கேட்காது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டுவார்கள். வாடிக்கையாக வருகிறவர்கள் தட்டமாட்டார்கள். பரிமாறுகிறவர்களுக்கு அந்த நேரம் வசதியாக இருக்கிறது. யாருடைய பேச்சுக்கும் இடைஞ்சலில்லாமல் காலித் தட்டுகளை அப்போதுதான் எடுக்கிறார்கள்.