மோமின் மணிக்கட்டு

'அந்தப் படத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும். அவித்த வாத்து முட்டைக்குள் குஞ்சைப் பார்த்து நான் அலறியதைக் காட்டட்டும். எதை வேண்டுமானாலும் காட்டட்டும். அது மட்டும் வேண்டாம்.'

பிரெண்டா மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தின் பின்கூடத்தில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியது. மறுநாள் மிஷன் ஞாயிறு. கம்போடியக் கிராமமொன்றில் ஒரு மாதம் ஊழியம் செய்துவிட்டு வந்த மூன்று பேரும், சபைக்குக் காட்டப் படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினி ஐவனிடம் இருந்தது. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வேலை, குழுவை நடத்திச் சென்ற டோரிஸிடம்.

"இது வேணாம் அக்கா, சேத்துல எருமை மாதிரி கெடக்குறேன்," என்றான் ஐவன்.

"எருமை இதைவிட அழகா கெடக்கும்லா. போடு."

அடுத்ததாக அந்தப் படம் வந்தது. மோம் என்ற விதவையின் மெலிந்த மணிக்கட்டு, அதில் ஒரு சிவப்புக் கயிறு, கயிற்றுக்கடியில் டோரிஸின் கத்தரிக்கோல். படத்தை எடுத்தவள் பிரெண்டா. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

"இதுக்கு நீதான் நாளைக்கு மேடையேறி சாட்சி சொல்லணும் பிரெண்டா," என்றாள் டோரிஸ். "பக்கத்துல நின்னு பார்த்தவ நீதானே."

பார்த்தவள்தான். மோம் இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன நாள் அது. டோரிஸின் தாத்தா ரப்பர் தோட்டத்தில் ஞானஸ்நானம் எடுத்தபோது, போதகர் முதலில் அறுத்தது அவர் கையிலிருந்த கோயில் கயிற்றை. அந்தக் கதை கேட்டு வளர்ந்தவளுக்கு, கயிற்றைக் கண்டதும் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. விருந்தாளி கேட்டதை எடுத்துக் கொடுப்பதுபோல் மோமும் கையை நீட்டினாள்.

மறுநாள் கங்கோங் கீரை நறுக்கும்போது, கிராமத்தில் அவர்களுக்கு மொழிபெயர்த்த பெண்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அது எந்தச் சாமிக்கும் கட்டியதல்ல. பிரெண்டாவின் நாட்டுக்கு, மேருவிலுள்ள கையுறைத் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிய மகள், தன் பின்னாலேயே அம்மாவின் உயிர் அலைந்து போய்விடக் கூடாதென்று கட்டிவிட்டது. அன்றும் மோம் வழக்கம்போல் கீரை கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, வெறும் மணிக்கட்டை மறு கையால் பிடித்தபடி நின்றாள். பிரெண்டாவுக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் யோசித்தாள். அவள் வீடு இருக்கும் செந்தூலிலிருந்து மேரு ஒன்றும் தூரமில்லை. திரும்பி வந்த பிறகும் அவள் மோமின் மகளைத் தேடிப் போகவில்லை.

"அக்கா, அது சாமிக் கயிறு இல்ல," என்றாள் இப்போது. "அவங்க மக கட்டிவிட்டது. இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னால."

ஐவனின் விரல் நின்றது. டோரிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"மொழிபெயர்த்த பொண்ணு."

"எனக்குத் தெரியாதுலா," என்றாள் டோரிஸ் மெதுவாக. பிறகு, "ஆனா மனசாரதானே கை நீட்டுனாங்க? மக கதையெல்லாம் வேணாம், சபை கொழம்பிப் போயிரும். பழைய கட்டு அறுந்துச்சுன்னு மட்டும் சொல்லு. கேட்டா நாலு பேரு அடுத்த வருஷம் கிளம்புவாங்க. அந்த ஜனங்களுக்குத்தானே நல்லது? நீயும் வரணும்னு சொன்னியே."

வர வேண்டும் என்றுதான் இருந்தது. தன்னைப் பற்றியே நினைத்து நினைத்துப் புரளாமல் அவள் தூங்கியது அந்த ஒரு மாதம்தான். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருந்த டோரிஸை அவள் பார்த்திருக்கிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் மறுப்பது சுலபம். மேடையேறாவிட்டால் அடுத்த வருடக் குழுவில் இடம் இருக்காது என்பதும் தெரியும்.

"சாட்சிப் பட்டியல்ல உன் பேரைப் போடவா?" என்று கேட்டான் ஐவன்.

"போடாதீங்க அண்ணே. நாளைக்கு சபைக்குச் சாப்பாடு போட வரேன் அக்கா. சாட்சி சொல்ல வரல."