அந்தப் பக்கம் பாருங்க

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவரைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம். ஊசி இறங்கியதே தெரியாது, கடித்துவிட்டுப் போன பிறகுதான் அரிக்கும் என்று யாரோ கிண்டலுக்கு வைத்த பேர், நிலைத்துவிட்டது. "அந்தப் பக்கம் பாருங்க" என்பார். ஆள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். கண்ணைவிட அவர் நம்பியது இடது ஆள்காட்டி விரலை. தோலுக்கடியில் எந்த மூலையில் ரத்தக்குழாய் ஒளிந்திருந்தாலும் அது தடவிக் கண்டுபிடித்துவிடும்.

சர்க்கரை வியாதி முதலில் பாதத்தைப் பிடித்தது. எரிந்தது, ஊசி ஊசியாய்க் குத்தியது, மரத்தது. இரண்டு ஜோடிக் காலுறை போட்டுச் சமாளித்தார். போன வருஷம் பக்கத்து அறைக்குப் புது மெஷின் வந்தது. அதற்கு வேர்க்கக் கூடாதாம். இரண்டு அறைக்கும் பொதுவான ஏசியைப் பதினெட்டில் வைத்து ரிமோட்டை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அந்த மகாராஜாவுக்கு நடந்த உபசாரத்தில் கால்வாசி அங்கே எந்த மனிதனுக்கும் நடந்ததில்லை. குளிரில் அவருடைய விரல்நுனிகளும் எரியத் தொடங்கின. சில மாதத்தில் எரிச்சல் அடங்கியது. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

விரல் எரிந்தபோதும் மனைவிக்குக் கால் விஷயம் மட்டும்தான் தெரியும். கையும் போகிறது என்றால் மறுநாளே வேலையை விடச் சொல்லிவிடுவாள். அதை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. "அங்க ரொம்பக் குளிருது" என்று மட்டும் சொல்லிவைத்தார். அவள் சின்னதாக ஒரு வெந்நீர்ப் பை வாங்கினாள். தினமும் காலையில் நிரப்பி, தன் முழங்கையில் வைத்துப் பார்த்து, துணி உறை போட்டுத்தான் கொடுப்பாள். அது அவருடைய கோட்டுப் பைக்குள் இருக்கும். ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் கை அங்கே போய்விடும்.

அன்று பத்து மணிக்கே அது ஆறிவிட்டது. காபி மெஷினில் வெந்நீர் பிடித்து நிரப்பினார். விரலை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புகூட இல்லை என்று தோன்றியது. உறை இருந்தால் சூடு ஏறாது என்று அதையும் கழற்றினார். கையுறை போட்ட இடது கையைப் பைக்குள் விட்டு, அடுத்த டோக்கன் வரும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வந்தது டீச்சர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிப்போனவர். எத்தனை மேசை காலியாக இருந்தாலும் கொசுவிடம்தான் கை நீட்டுவார்.

விரல் முழங்கை மடிப்பில் தடவியது. ஒன்றும் தட்டுப்படவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை நம்பிக் குத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னோர் இடம் பார்த்துக் குத்தினார். அங்கும் வரவில்லை.

"என்ன தம்பி, இன்னைக்குக் கொசு கடிக்கல, தேள் கொட்டுது?" டீச்சர் சிரிக்கத்தான் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

கொசுவுக்கு அவமானத்தில் காது ஜிவ்வென்றது. கையுறை சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அதை உருவினார். ஆள்காட்டி விரல் நுனியில் இருந்த கொப்புளத்தின் தோலும் கூடவே உரிந்து வந்தது.

"ஐயோ! என்ன ஆச்சு?"

"வெந்நீர் பட்டிருக்கும் டீச்சர். இப்பத்தான்."

"வலிக்கலையா?"

ஆயிரக்கணக்கான பேரிடம் அவரே கேட்ட கேள்வி. இப்போது விரலை மடக்கிக்கொண்டார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. மருந்தால் மரத்த பாதத்தோடு நடக்கிறவர், அவருக்குப் புரியாமல் இருக்குமா? திட்டியிருந்தால்கூடக் கொசு தாங்கியிருப்பார். டீச்சர் எழுந்து, பக்கத்து மேசைக்காரியிடம் கையை நீட்டினார்.

காயம் ஆறியதும் வரலாம் என்று மேற்பார்வையாளர் அனுப்பிவைத்தார். காயம் ஆறிவிடும், அதில் சந்தேகமில்லை.

வீட்டில் மனைவி விரலைப் பார்த்துப் பதறினாள். "ரொம்ப வலிக்குதாங்க?"

"உயிர் போகுது" என்றார். வலித்தால் அது விபத்து. வலிக்கவில்லை என்றால் இத்தனை நாளாக மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும், வேலையும் அதோடு சரி.

அவள் அவர் கையை ஒரு துண்டின்மேல் வைத்தாள். களிம்பு டப்பாவை எடுத்தாள். "அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

சுவரைப் பார்த்தார். களிம்பு பட்டதும் கத்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. இப்போதுதான் திறக்கிறாள் போலிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினார்.

"ஆ! மெதுவாம்மா, மெதுவா!"

திரும்பினார். விரல் நுனி முழுக்க வெள்ளையாகக் களிம்பு. மூடிய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டு முடிச்சுட்டேங்க" என்றாள்.