ரோட்டில் போயிருந்தால்

விமானம் ஏரியின் மேல் ஒரு சாய்வு சாய்ந்து தெற்கே திரும்பியபோது சர்ஷென் மறுபடியும் தொண்டையைச் செருமினான். பக்கத்தில் அவன் மச்சினி ஜிப்பார், புகையில் வாட்டிய மீன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டியிருந்தாள். அம்மாவுக்கு அந்த மீன் என்றால் உயிர். அம்மா நேற்று ராத்திரியே இறந்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது. கால் ஒடிந்து படுத்திருக்கிறாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றுதான் சொல்லி அழைத்து வந்திருந்தான்.

அவர்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் போனில் சொல்வதில்லை. சொந்தத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகப் பேசி, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஏரிக்கரை விடுதியில் ஜிப்பார் சமையல்காரி, சர்ஷென் வேன் ஓட்டுபவன். அவன் மனைவி ஊரில் இருந்தாள்; விடுதியில் ஜிப்பாருக்கு வேறு சொந்தம் கிடையாது. அதனால் அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. அவனும் பெரிய மனுஷன்போலச் சரி என்றுவிட்டான். ஊருக்குச் சாலை வழியே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். இரண்டு கணவாய் தாண்டிய பிறகு, டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். மைத்துனன் விமான டிக்கெட் அனுப்புவான் என்று யார் கண்டது? ஏரிக்கரையில் தம்ச்சியில் ஏறினால், ஊர்ப்பக்கம் ஓஷில் இறக்கிவிட முக்கால் மணி நேரம். அதற்குள் ஓர் ஆட்டைக்கூட ஒழுங்காக உரிக்க முடியாது. ஒரு மகளிடம் அவள் தாய் இல்லை என்று எப்படிச் சொல்வது? சாவு வீடு என்பதற்கு முற்றத்தில் கூடாரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள் என்றால் அதைவிடப் பாவம் வேறில்லை.

போதாக்குறைக்கு, கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூட ஒழுங்காகப் பேசியதில்லை. எல்லாம் கேலிதான். மச்சினியைக் கேலி செய்யாத அத்தான் எந்த ஊரில் இருக்கிறான்? இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை. உங்கம்மா ரொம்ப நல்லவங்க என்று ஆரம்பித்துப் பார்த்தான்.

"மாமியாரைப் புகழுறீங்களா? ஏன், அக்கா வீட்டைவிட்டுத் துரத்திட்டாளா?"

பழக்கதோஷத்தில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அழுகை அதற்குக் கீழேயே இருந்தது.

பனிமலைகள் முடிந்து பழுப்பு மலைகள் வந்துவிட்டன. காது அடைத்தது. இறங்க ஆரம்பித்துவிட்டார்களா, இன்னும் நேரமிருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜிப்பார் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு எதற்கு இந்த வீண்செலவு, கால் ஒடிந்ததற்கெல்லாம் யாராவது விமானத்தில் போவார்களா என்று கேட்டாள்.

"ரோட்டுலயே வந்திருக்கலாம் அத்தான். வழியில தேன் வாங்கியிருப்பேன். ஒரு நாள் பிந்தினா என்ன, அம்மா எங்க ஓடிறப் போறாங்க?"

"ரோட்டுல வந்தா இன்னைக்கு அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாதே" என்றான் சர்ஷென்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தூரம், நேரம் என்று மண்டைக்குள் போட்டுக் குழப்பியதில் அது தானாக வாயில் வந்துவிட்டது. தோளைப் பிடிக்கவில்லை. பக்குவமாக ஒன்றும் பேசவில்லை.

ஜிப்பார் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். இது எந்த வகைக் கேலி என்று அவன் முகத்தில் தேடினாள்.

"யாருக்கு அத்தான்?"

பட்டப்பெயர் எதுவும் வைக்காமல், முதல்முறையாக, "ஜிப்பார்" என்று அவளைக் கூப்பிட்டான்.

சக்கரங்கள் தரையில் மோதின. பத்திரமாக இறக்கியதற்காக எல்லாரும் வழக்கம்போல விமானிக்குக் கைதட்டினார்கள். ஜிப்பாரும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திவிட்டு எழுந்து பைகளை இறக்கத் தொடங்கிய பிறகும், மீன் பொட்டலத்துக்கு மேலே, அவள் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தாள்.