ஹாஜியாரின் நாடி

பஹ்மி செய்த மின்சுற்றுக்குப் பேசுவதென்றால் ஆகாது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். நெஞ்சில் ஒட்டிவிட்டால் நாடியைக் கேட்டபடியே கிடக்கும். தகவல் அனுப்புவதில்தான் மின்சாரம் வீணாகிறது என்பதால், ஆள் அசையாமல் இருக்கும்போது நாடி திடீரென்று எகிறினால் மட்டும் வாய் திறக்கும்படி அதைப் பழக்கியிருந்தான். பேசாவிட்டால் ஆள் சுகம் என்று அர்த்தம். கடுகளவு பெற்றரியில் ஏழு நாள் ஓடி, ஒரேயொரு எகிறலையாவது பிடித்துக் காட்டினால் குண்டசாலை ஆய்வுகூடத்தில் அவன் வேலை தப்பும். இல்லையென்றால் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதை ஒட்ட அவன் பிடித்த ஆள், கலகெதரவில் புடவைக்கடை வைத்திருக்கும் முஹைதீன் ஹாஜியார். வெள்ளிக்கிழமை பகல் ஒட்டியதும் அறுபத்தெட்டு என்று சொன்ன சுற்று, பிறகு ஆறு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாஜியாருக்கு எதற்கும் படபடப்பு வராது.

சுற்றின் தகவல் போய்ச் சேரும் இறப்புப் பதிவு அலுவலகத்துக் கணினிக்கு வேறு சட்டம். கிறேஸ் என்ற அலுவலர் அதை இதய நோயாளிகளுக்காக எழுதியிருந்தாள்: ஆறு நாள் தகவல் இல்லையென்றால் ஆள் இல்லை. வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு அது ஹாஜியாரின் தம்பி ஸாகிக்கு அனுதாபச் செய்தி அனுப்பியது. ஜனாஸா அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாதென்று ஸாகி நேரே பள்ளிவாசலுக்கு ஓடினான். வழியில்தான் அண்ணனின் கடை. எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தலில் தன் பெயர் கேட்டபோது ஹாஜியார் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். "இன்னா லில்லாஹி" என்றார். ஊரில் மௌத்து என்றால் கடையைப் பூட்டுவது அவர் வழக்கம். பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

செய்தி கேட்டு பஹ்மி பஸ் பிடித்து வந்து சேரும்போது நாலு மணி. முற்றம் நிறையக் கதிரைகள். ஜனாஸா ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், ஹாஜியாரும்தான்.

"ஹாஜியார், உங்கள மௌத்துன்னு செல்லிட்டாங்க. கோவம் வரல்லயா?"

"ஒரு நாளைக்குப் போறதுதானே மகன். டீ குடிங்க."

"கொஞ்சம் பயந்தாலும் போதும்."

"என்னத்துக்கு? நான் இங்கதானே ஈக்கிறேன்."

பஹ்மி கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாற்பது. பக்கத்துக் கதிரையில் இருந்த தையல்காரர் ராஜரத்தினம், இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கினார்.

"நல்ல மனுசருங்க. ஆனா அவரு சீத்தைய மட்டும் நம்ப முடியாது. ஒரு தடவ கழுவுனா சாயம் போயிரும்."

ஹாஜியாரின் கையில் கோப்பை அப்படியே நின்றது. பஹ்மியின் போன் கத்தியது. நூற்று முப்பத்தொன்று.

உடனே கிறேஸுக்கு அழைத்தான். "மிஸ், வந்திட்டுது."

"பார்த்தேன். பன்னெண்டு மணிக்கு செத்தவருக்கு நாலு நாப்பதுக்கு நாடி அடிக்குது. ஒங்க சுற்று பழுதுன்னு ஆய்வுகூடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"ஆள் எனக்குப் பக்கத்தில ஈக்கிறார், மிஸ். சண்ட பிடிக்கிறார்."

"இருக்கட்டும். ஃபோர்ம்ல திரும்ப எழும்புறதுக்குக் கட்டம் இல்ல பஹ்மி."

ஐந்து மணி. ஹாஜியார் வாளியில் தண்ணீரும் கடையிலிருந்து நீலச் சீத்தையும் வரவழைத்து, சாயம் போகாதென்று காட்டத் தன் ஜனாஸாவுக்கு வந்தவர்கள் முன்னால் கழுவிக்கொண்டிருந்தார். பஹ்மி அவர் சட்டைக்குள் கைவிட்டுச் சுற்றைப் பிய்த்தெடுத்தான். பெற்றரியில் தொண்ணூற்றாறு வீதம் மிச்சமிருந்தது. வாளித் தண்ணீர் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.