சுபிதா வெட்டிய பதினாலு குழாய்கள்

சுபிதா செய்துகொண்டிருந்த பஸ் முக்கால்வாசி முடிந்திருந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவட்டாறுக்கு அவள் கணவன் ஆன்ட்ரூஸ் ஓட்டும் அதே பஸ்தான், ஒன்றரை அடி நீளத்தில். சீட்டு, கியர் கம்பு எல்லாம் வந்துவிட்டன. நின்று வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிகள்தான் பாக்கி. அதற்காகத் தபாலில் வரவழைத்த பித்தளைக் குழாய் ஈர்க்குச்சி கனம்தான் இருந்தது.

குறட்டால் வெட்டினாள், முனை சப்பிப்போயிற்று. ஆக்ஸா பிளேடால் அறுத்தாள். எலி கடித்தது போலப் பிசிறு. ஆன்ட்ரூஸ் ஒரு துண்டை டிப்போவுக்குக் கொண்டுபோய் மெக்கானிக் பெர்லினிடம் கொடுத்தான். வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கியதுமே அது நசுங்கிவிட்டது.

“இவ்வளவு மெலிசா உள்ளத எவனாலயும் வெட்ட முடியாதாம். ஈர்க்குச்சிய ஒட்டி பெயிண்ட் அடிக்கச் சொல்லுகாரு,” என்றான்.

சுபிதாவுக்குச் சுருக்கென்றது. “ஈர்க்குச்சியா? எனக்க பஸ்ஸுலயா?”

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தாள். குழாய் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு ஸ்டீல் கம்பியைச் செருகினாள். பலகையில் கிடத்தி, மேலே கத்தியை வைத்து, முன்னும் பின்னும் உருட்டினாள். அமுக்கவில்லை. தலைமுடி கனத்தில் ஒரு கோடு குழாயைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது. உருட்ட உருட்டப் பள்ளமானது. கம்பியை உருவிவிட்டு இரு கையாலும் லேசாக வளைத்தாள். டிக்கென்று இரண்டானது. வாய் நல்ல வட்டம்!

உள்ளே மடிந்திருந்த பிசிறைக் கோணி ஊசியால் சுழற்றி எடுத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்தாள். எல்லாம் ஒரே அளவில் வர, பலகையில் ஒரு சட்டத்தை ஒட்டி, குழாயை அதில் முட்டக் கொடுத்து உருட்டினாள். சாயங்காலம் பதினாலு துண்டுகளையும் வரிசையாக அடுக்கி, முனைகளோடு ஸ்கேலை ஒட்டிவைத்துப் பார்த்தாள். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை.

மறுநாள் ஆன்ட்ரூஸ் பெர்லினைக் கையோடு கூட்டிவந்தான். அவர் ஒரு துண்டைக் கண்ணருகே பிடித்து, ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

“எந்த மிஷின்ல வெட்டினே பிள்ளே?”

“பேனாக்கத்தி, அண்ணே.”

அவர் நம்பவில்லை. தானே உட்கார்ந்து உருட்டினார். கோடு கோணிக்கொண்டு போய், சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

“அமுக்காதீங்க அண்ணே. உருட்டினா போதும், அது தானா அறும்.”

மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெர்லின் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத நான் வச்சுக்கிடட்டா?”

“எடுத்துக்கிடுங்க.”

வாசலில் ஆன்ட்ரூஸ் போனில் யாரிடமோ, “லே, பெர்லின் அண்ணனுக்கே எனக்க வீட்டுக்காரிதான் வேல படிப்பிச்சுக் குடுத்தா!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். சுபிதா காதில் விழாதவள் போல முதல் கம்பியை பஸ்ஸுக்குள் நிறுத்தினாள். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.