எட்டாவது வீட்டின் மஞ்சள் துணி

அந்த ஆறு மாதத்தில் பயமில்லாத நாள் என்று ஒன்று எனக்குக் கிடையாது. குப்பையைத் தப்பான நாளில் வைத்துவிடுவேனோ என்று பயம். கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிடுவேனோ என்று பயம். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அது எந்தச் சிரிப்பு என்று பயம். பூகம்பத்துக்கு மட்டும் நான் பயப்படவில்லை. அதைப் பற்றி யோசிக்க எங்கே நேரம் இருந்தது?

வீடு எனக்கு ஆறு மாதத்துக்குத்தான். மலையடிவாரத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளை, குடிவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஊர் நிர்வாகம் சோதனைக்குக் கொடுத்தது. ஆறு மாதம் இருந்து காட்ட வேண்டும். கடைசியில் அந்த வீட்டு வரிசையில் இருப்பவர்கள் கூடி, இந்த ஆள் இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால், மங்கோலியாவிலிருந்து என் கணவர் கான்சோரிக்கும் நான்கு வயது அனாரும் வந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அனார் போனில் கேட்பான், அவங்க சரின்னு சொல்லிட்டாங்களா என்று.

எங்கள் மூன்றாம் வரிசையில் எட்டு வீடு. என்னுடையது ஏழாவது. எட்டாவதில் தொகுமாரு-சான் இருந்தார்; யார் பெயரோடும் மரியாதைக்கு இங்கே 'சான்' சேர்ப்பார்கள். எண்பத்தொரு வயது, தனி ஆள், வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. வரிசைத் தலைவி இசொகாய்-சான் முதல் வீடு.

செப்டம்பரில் ஒத்திகை வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மஞ்சள் துணி உண்டு. பூமி ஆடி நின்றதும், வீட்டில் எல்லோரும் நலம் என்றால் அதை வாசல் கதவில் கட்டிவிட்டுப் பள்ளி மைதானத்துக்குப் போய்விட வேண்டும். தீயணைப்புப் படை ஆட்கள் இரண்டு பேர் தெருவில் நடந்து வருவார்கள். துணி இருக்கும் வீட்டைக் கடந்து போவார்கள், இல்லாத வீட்டுக்குள் நுழைந்து தேடுவார்கள். என் துணியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தேடி எடுத்துக் கட்டுவதற்குள் ஏழு வரிசையில் எங்கள் வரிசைதான் கடைசி. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பரவாயில்லை என்று இசொகாய்-சான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொகுமாரு-சான்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வம்புக்கு இழுத்தார்.

"இருவது வருஷமா கடைசியா வர்றது நான். என் எடத்தப் பறிச்சிட்டீங்களே."

அவர் துணி எங்கே இருக்கும் என்றும் அவரே சொன்னார். வாசலில் குடை வைக்கும் ஜாடியில் செருகியிருக்கும், ஆனாலும் எடுக்கச் சோம்பல்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மணி பத்து. நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் வீட்டுக்கு அடியில் லாரி போவது போல ஒரு உறுமல். பிறகு தரை என் காலை உதறித் தள்ளியது. அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் கொட்டின. மேசைக்கடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டு, அனார் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எங்கோ கிடக்கும் பிள்ளையை ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது.

நின்றதும் நான் செய்த முதல் காரியம், அடுப்பைக்கூடப் பார்க்காமல், துணியைக் கட்டியதுதான். இந்த முறை அது கதவு ஆணியிலேயே தொங்கியது. தெருவைப் பார்த்தேன். ஆறு வீட்டிலும் மஞ்சள். எட்டாவது வீட்டில் இல்லை.

அவர் வாசலுக்குப் போனேன். எப்போதும் அங்கே நிற்கும் ரப்பர் பூட்ஸைக் காணோம். தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு தரம் கூப்பிட்டேன், அதுவும் மெதுவாக. அடுத்த வீட்டு வாசலில் நின்று சத்தம் போடக் கூடாது என்று நான் கற்றுவைத்திருந்தேன். இவர் தோட்டத்தில் இருந்து வந்து துணி கட்டுவதற்குள் எங்கள் வரிசை மறுபடியும் கடைசி. வெளிநாட்டுக்காரி வந்ததிலிருந்து இப்படித்தான் என்று நினைப்பார்கள். ஜாடியிலிருந்து துணியை உருவி நானே கட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

மைதானத்தில் இசொகாய்-சான் பட்டியலில் எட்டு வட்டம் போட்டாள். இந்த முறை நாங்கள்தான் முதல். என் முதுகை லேசாகத் தட்டிக்கொடுத்தாள். இங்கே வந்ததிலிருந்து ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொகுமாரு-சானைக் காணோமே என்று யாரோ கேட்டார்கள். துணி கட்டியிருக்கிறது, ஆடி அசைந்து வருவார் என்று சிரித்தார்கள்.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து இரண்டாம் வரிசைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். அவர் தோட்டமும் தொகுமாரு-சான் தோட்டமும் பக்கம் பக்கம். இன்று கிழவர் தோட்டத்துக்கு வரவே இல்லை, பின்கட்டு அறையை ஒழிக்கப்போவதாக நேற்றே சொன்னார் என்று யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்னார். சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார்.

அப்படியானால் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். பள்ளிக் கடிகாரம் பத்து இருபது காட்டியது. அவர் வீட்டுக்கு ஓடினால் இரண்டு நிமிடம். வாயைத் திறந்தால் போதும். இசொகாய்-சான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எட்டு வட்டம். சொன்னால் அந்த வட்டத்தை அவள் எல்லோர் முன்னாலும் அழிக்க வேண்டும். என்னைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மனிதர் இதோ வந்துவிடுவார், மைதான வாசல் பக்கம் தலை தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து இருபத்தைந்து. யாரோ என் கையில் சோற்று உருண்டையைத் திணித்தார்கள். அதை மென்றேன். பத்து முப்பது.

மறுபடியும் ஆடியது. முதல் ஆட்டத்தைவிடச் சின்னது, ஆனாலும் கொடிக்கம்பம் கிடுகிடுத்தது. பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"எட்டாவது வீட்டுத் துணி நான் கட்டினது. அவரு உள்ள இருக்காரு."

மைதானமே திரும்பிப் பார்த்தது. இசொகாய்-சான் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதில் கோபம் இல்லை. அவளும் பயந்துவிட்டாள். அடுத்த நொடி ஆண்கள் ஓடினார்கள், நானும் ஓடினேன். பின்கட்டு அறைக் கதவை உடைத்தார்கள். உள்ளே புழுதிக்கு நடுவில் அலமாரி சாய்ந்து கிடந்தது, அதற்கடியில் அவர். உயிர் இருந்தது. பின்முற்றத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்த ரப்பர் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். எழுந்திருங்கள், பக்கத்துக் கட்டில்காரன் வேடிக்கை பார்க்கிறான் என்றார். வலது கால் முழுக்கக் கட்டு. பிறகு நடந்ததைக் கதை போலச் சொன்னார். அலமாரி சாய்ந்து அவரை மூலையில் அடைத்துவிட்டது. புழுதி தொண்டையை அடைத்ததில் குரல் வரவில்லை. தெருவில் படை ஆட்கள் பேசிக்கொண்டு போனது கேட்டது.

"துணி இருக்கு, கெழவன் நல்லா இருக்கான்னாங்க. எனக்கே சந்தேகம் வந்திருச்சு, நாம நல்லாத்தான் இருக்கோமோன்னு."

நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் காலைத் தட்டிக் காட்டினார்.

"மொத ஆட்டத்துல எனக்கு ஒரு கீறல்கூட இல்லீங்க. ரெண்டாவது ஆட்டத்துலதான் மேல இருந்த பொட்டி கால்ல எறங்குச்சு."

என் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

டிசம்பரில் கூட்டம் நடந்தது. நான் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போனேன். இசொகாய்-சான் எழுந்து பேசினாள்.

"தப்பு யாரு வேணா பண்ணலாம். அத்தன பேருக்கு முன்னாடி எந்திரிச்சு நான்தான்னு சொல்ல, நம்மள்ல எத்தன பேருக்கு வரும்?"

ஆறு கையும் உயர்ந்தன. தொகுமாரு-சான் ஆஸ்பத்திரியிலிருந்தே சம்மதம் என்று தாளில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார். எல்லோரும் எனக்குத் தலை வணங்கினார்கள். நானும் வணங்கினேன். பத்து இருபதுக்கே எனக்குத் தெரிந்துவிட்டதை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கைகள் இறங்கிவிடும் என்று பயந்தேன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. கான்சோரிக் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறார். அனார் இந்த ஊர்ப் பையனாகவே ஆகிவிட்டான், என் செருப்புத் தவறுகளை அவன்தான் கண்டுபிடிக்கிறான். ஒவ்வொரு செப்டம்பர் ஒத்திகைக்கும் நான் எட்டாவது வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கிற மாதிரி அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். கோலை ஊன்றி அவர் மெல்ல வந்து தானே துணியைக் கட்டுகிறார். எங்கள் வரிசைதான் வருஷா வருஷம் கடைசி. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் துணியைக் கட்டிவிட்டு அவர் என்னையே பார்த்தார்.

"என்னமோ சொல்ல வர்றீங்க, முழுங்கிடுறீங்க. ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன்."

ஒன்றுமில்லை, கால் வலிக்கிறதா என்று கேட்க வந்தேன் என்றேன்.

"குளுருக்கு மட்டுந்தான் வலிக்கும்," என்றார்.

குளிர் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.